அரூப ஓவியம் ஒன்றைப் பெரிதாகத் தீட்டிக் கொழும்புக்கு அனுப்புவது எப்படி: யாழ்ப்பாணத்தில் தொடங்குபவர்களுக்கு

என்னுடைய முதல் பெரிய ஓவியம் கொழும்பில் ஒரு காட்சிக்காக விரிக்கப்பட்டபோது வெடித்திருந்தது. அங்கிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கறுப்புத் தீற்றல் முழுவதும் வற்றிய குளத்தின் அடிபோலப் பாளம் பாளமாகக் கிளம்பி நின்றது. ஐந்து மாத உழைப்பு. துணி, அடிப்பூச்சு, பெயின்ற், சுருட்டிய விதம், படிவத்தில் எழுதிய அளவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பிழை இருந்தது. அடுத்த ஓவியம் பழுதில்லாமல் போய்ச் சுவரில் ஏறியது. இடையில் படித்ததை, அடுத்து வருகிற பிள்ளைகள் அதே காசையும் மாதங்களையும் இழக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இது வரையத் தெரிந்தவர்களுக்கானது. கடதாசியில் வரைந்திருக்கிறீர்கள், நீர்வண்ணம் பழக்கம், ஆனால் ஆளுயரத் துணியில் அரூப வெளிப்பாட்டுவாத முறையில் (உருவத்தைக் காட்டாமல் அசைவாலும் வண்ணத்தாலும் சொல்லும் முறை) இன்னும் வேலை செய்யவில்லை என்றால், மேலே படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் குறியீட்டை ஒரு நாளும் உத்தியை இன்னொரு நாளும் யோசிக்க முடியாது. பெயின்ற் எவ்வளவு தடிப்பு, கை எந்த வேகத்தில் போனது, துணி அதைக் குடித்ததா தள்ளியதா என்பதிலேதான் ஓவியத்தின் பொருள் இருக்கிறது. கீழே துணிக்கும் பசைக்கும் இவ்வளவு இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெரிய துணியில் கைவைக்காதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் அக்ரிலிக் மேலே காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். துணியின் பின்பக்கத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். வைகாசியிலிருந்து சோளகக் காற்று அடிக்கும். வலிகாமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, செம்மண் தூசி ஈரப் பெயின்றில் விழுந்தால் எடுக்கவே முடியாது.

தை முதல் சித்திரை வரைதான் நல்ல காலம். அதிலும் இரவில் துணியை முற்றத்தில் விடாதீர்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது துணிக்கும் பொருந்தும்.

என்னுடைய இரண்டாவது ஓவியத்துக்கு மொத்தம் பதினொரு கிழமை எடுத்தது. ஆயத்த வரைவுகளுக்கு மூன்று, சட்டத்துக்கு ஒன்று, அடிப்பூச்சுக்கு ஒன்று, தீட்டுவதற்கு இரண்டு, காய்வதற்கு நான்கு. தீட்டியது உண்மையில் மூன்று காலைகள் மட்டுமே. காட்சிக்கு அனுப்பவேண்டிய கடைசித் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, காயும் நாலு கிழமையைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள். அந்த நாலு கிழமையில் கைவைத்துத்தான் நான் முதல் முறை கெட்டேன்.

2. ஒரு பொருளை எடுங்கள், பிறகு அதன் உருவத்தைக் கைவிடுங்கள்

எங்களிடம் எல்லோருக்கும் வருகிற முதல் பொறி இது. பனை, முள்ளுக்கம்பி, உடைந்த கதவு, நடுவில் சிவப்பு. சிவப்பு என்றால் இரத்தம், கறுப்பு என்றால் துக்கம் என்று அகராதி போலப் பொருத்திக்கொண்டு போவோம். அப்படிச் செய்தால் வருவது கொஞ்சம் கலங்கிய விளக்கப்படம். பார்ப்பவர் ஒரு நொடியில் ‘விளங்கிவிட்டது’ என்று நகர்ந்துவிடுவார்.

நியூயோர்க்கில் 1940களிலும் 50களிலும் இந்த முறையில் வேலை செய்தவர்கள் குறியீட்டை வேறு வழியில் பிடித்தார்கள். றொபேர்ட் மதர்வெல் ‘ஸ்பானியக் குடியரசுக்கான இரங்கற்பா’ என்ற வரிசையில் நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள் செய்தார். அநேகமாக எல்லாவற்றிலும் கறுப்பு நீள்வட்டங்கள், அவற்றை நெரிக்கும் கறுப்பு நிமிர்கோடுகள். அந்த வட்டம் இன்ன பொருள் என்று யாரும் அறுதியாகச் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப ஒரே நெரிசலைத் தீட்டியதில்தான் அது இரங்கலானது. பார்னெற் நியூமன் 1948 இல் செய்த ‘ஒன்மென்ற் I’ வெறும் 69 சென்ரிமீற்றர் உயரம். கபில நிறப் பரப்பின் நடுவில் மறைப்பு நாடா ஒன்றை ஒட்டினார். வழக்கமாகத் தீட்டிய பின் அதைக் கழற்றுவார்கள். அவர் அந்த நாடாவின் மேலேயே செம்மஞ்சளைத் தீற்றி, அப்படியே நிறுத்திக்கொண்டார். ஒரு வேலைக்காக ஒட்டிய நாடா ஓவியத்தின் முதுகெலும்பாக நின்றுவிட்டது.

எனக்குக் கிடைத்த பொருள் துலா, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் நீண்ட மரம். எங்கள் குடும்பம் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டது. 27 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கிணறு இருந்தது, துலாவைத் தாங்கும் ஆடுகால் ஒன்று இருந்தது, துலா இல்லை. முதலில் நான் வரைந்ததெல்லாம் துலாவின் படம்தான். சாய்ந்த மரம், கயிறு, வாளி. இருபது தாளுக்குப் பிறகு அம்மாவிடம் கேட்டேன், துலா இறைக்கும்போது உடம்பில் எங்கே நோகும் என்று. “தோள்மூட்டிலை பிள்ளை. இறக்கேக்கைதான் பாரம். ஏறேக்கை துலாவே தூக்கித் தரும்,” என்றா. அதைக் கேட்ட பிறகுதான் விளங்கியது, நான் தீட்டவேண்டியது மரத்தை இல்லை, அந்த இழுவையை. கீழே போகும்போது மெதுவாக, பாரமாக, பெயின்ற் தடித்து. மேலே வரும்போது கெதியாக, மெலிந்து, தும்பு தும்பாகப் பிரிந்து.

நீங்கள் செய்யவேண்டியது:

பழைய பத்திரிகைத் தாள் ஒரு கட்டு எடுங்கள். விலை இல்லை என்பதால் கை பயப்படாது. அதே நியூயோர்க் ஓவியர்களில் ஒருவரான ஃபிரான்ஸ் கிளைன் தொலைபேசி விபரக்கொத்தின் தாள்களில் மையால் வரைந்து பழகினார். உங்கள் பொருளை உருவம் தெரிய ஐந்து தாளில் வரையுங்கள். பிறகு அந்தப் பொருளோடு வரும் அசைவை மட்டும் வரையுங்கள். முப்பது நாற்பது தாளாவது போகட்டும். ஒவ்வொன்றின் மூலையிலும் திகதியை எழுதுங்கள். இந்தத் திகதி பிறகு பத்திரத்துக்கு உதவும். கடைசியில் மூன்றை எடுத்துச் சுவரில் ஒட்டி, ஒரு கிழமை பாருங்கள். வீட்டுக்கு வருபவருக்குப் பொருள் தெரியாமல், ஆனால் அசைவு தெரிந்தால் அதை எடுங்கள்.

கிளைன் தன் சிறு வரைவுகளைப் புறொஜெக்ரர் போன்ற கருவியால் சுவரில் பெருப்பித்துப் பார்த்தவர். உங்களிடம் புறொஜெக்ரர் இருந்தால் ஒருமுறை செய்து பாருங்கள். உள்ளங்கை அளவில் அழகாக இருக்கும் கோடு ஆறு அடியில் செத்துப்போகும், ஏனோதானோ என்று போட்ட ஒன்று எழுந்து நிற்கும். இதைத் துணி வாங்குமுன்பே தெரிந்துகொள்வது நல்லது.

3. துணியும் சட்டமும்

இங்கேதான் என் முதல் நட்டம். 150க்கு 180 சென்ரிமீற்றர் என்று மனதில் வைத்துக்கொண்டு கன்வஸ் துணி வாங்கினேன். துணியின் அகலம் 60 அங்குலம், அதாவது ஏறத்தாழ 152 சென்ரிமீற்றர். சட்டத்தில் மடித்து அடிக்க ஒவ்வொரு பக்கமும் 8 சென்ரிமீற்றர் வேண்டும். மிஞ்சுவது 136தான். எனவே கடையில் முதலில் அகலத்தைக் கேளுங்கள், அதில் 16ஐக் கழியுங்கள், அதுதான் உங்கள் ஓவியம்.

நான் 135க்கு 180 என்று மாற்றினேன். அது நல்லதாகவே முடிந்தது. இந்த அளவுக்கு மூலைவிட்டம் சரியாக 225 சென்ரிமீற்றர். சட்டம் மூலைமட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, அளவுநாடாவால் இரண்டு மூலைவிட்டத்தையும் அளவுங்கள். இரண்டும் 225 வந்தால் சரி. ஒன்று 226, மற்றது 224 என்றாலும் துணி ஒரு பக்கம் சுருங்கி இழுக்கும்.

துணி பருத்தியாக, நெருக்கமான நெசவாக, கையில் பாரமாக இருக்கவேண்டும். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், ஊசிக்கண் போலத் துளைகள் தெரிந்தால் வேண்டாம். மழைக்குப் போடும் தறப்பாள் துணியில் மெழுகோ பிளாஸ்ரிக்கோ பூசியிருக்கும், அதில் எந்தப் பூச்சும் பிடிக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரியும். உருண்டு ஓடினால் விடுங்கள்.

சட்டத்துக்குத் தச்சரிடம் போகும்போது படம் கீறிக்கொண்டு போங்கள். எங்கள் ஊர்த் தச்சர் கேட்டார்: “பிள்ளை, இது கதவுநிலையோ, கட்டில் சட்டமோ?” ஓவியச் சட்டம் என்றால் முகப்பில் மாட்டும் சட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான்கு விடயத்தை எழுதிக் கொடுங்கள். பலகை நன்றாகக் காய்ந்ததாக, பாரம் குறைந்ததாக இருக்கவேண்டும். துணி படும் பக்கத்தில் வெளி விளிம்பு மட்டும் உயர்ந்து நிற்க, உள்பக்கம் சீவுளியால் சரித்து இழைக்கவேண்டும், இல்லாவிட்டால் பலகையின் விளிம்பு ஓவியத்தில் கோடாக விழும். நடுவில் குறுக்குப் பலகைகள் வேண்டும். மூலைகளைப் பசையால் ஒட்டாமல் ஸ்குரூ ஆணியால் பூட்டவேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கொழும்புக்குச் சட்டத்தைக் கழற்றித்தான் கொண்டுபோகப் போகிறீர்கள்.

துணியை அடிக்கும்போது ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்ரேப்பிள் ஊசி, பிறகு எதிர்ப் பக்கத்தின் நடுவில், அங்கிருந்து மூலையை நோக்கி மாறி மாறி. ஒரு பக்கத்தை முழுதாக அடித்துவிட்டு மற்றப் பக்கம் போனால் அலை விழும்.

நிலத்தில் போட்டுத் தீட்டுகிறவர்கள் துணியை முதலில் சட்டத்தில் ஏற்றாமலும் வேலை செய்யலாம். நான் அடிப்பூச்சுக்குச் சட்டத்தில் ஏற்றி, தீட்ட இறக்கி, பிறகு திரும்ப ஏற்றினேன். வேலை கூட, ஆனால் துணி சுருங்கவில்லை.

4. அடிப்பூச்சு: குடிக்கவிடுவதா, தடுப்பதா

இதைக் கடைக்காரரின் தெரிவுக்கு விடாதீர்கள். ஓவியத்தின் பொருளே இதில் மாறும்.

நியூயோர்க் ஓவியர் ஹெலன் ஃபிராங்கந்தாலர் 1952 இல் ‘மலைகளும் கடலும்’ ஓவியத்துக்கு அடிப்பூச்சே இல்லாத துணியில் நன்றாக மெலிதாக்கிய எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். வண்ணம் துணிக்குள் இறங்கி, துணியே நிறமாகிவிட்டது. நீங்கள் நினைவு, ஈரம், கசிவு என்று எதையாவது தேடினால் இந்த வழி உங்களை இழுக்கும். ஆனால் அடிப்பூச்சு இல்லாத பருத்தியை எண்ணெய் காலப்போக்கில் அரித்து இற்றுப்போகச் செய்யும், ஓரங்களில் எண்ணெய் வளையமும் படரும். எனவே ஊறவிடுவதென்றால் அக்ரிலிக்கில் மட்டும் செய்யுங்கள்.

என் இழுவைக்குத் துணி தடுக்கவேண்டும், தூரிகையாக நான் எடுத்த தும்புத்தடி அதன்மேல் உரசி ஓடவேண்டும். எனவே அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) மூன்று பூச்சு. ஒன்று நெடுக்காக, அடுத்தது குறுக்காக. ஒவ்வொன்றும் காய ஒரு நாள். இடையில் மெல்லிய அரத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். இந்த அளவுக்கு ஒரு லீற்றர் போதும். மூன்றாவது பூச்சுக்குப் பிறகு மூன்று நாள் விட்டுவிட்டுத்தான் தீட்டத் தொடங்கினேன்.

சுவருக்குப் பூசும் வெள்ளையை ஜெஸ்ஸோவுக்குப் பதிலாகப் பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். சுவர் அசையாது, துணி அசையும், சுருளும். அதற்கான நெகிழ்ச்சி சுவர்ப்பூச்சில் போதாது.

5. பெயின்ற் வாங்குவது, செலவு

அதே நியூயோர்க் கூட்டத்து ஜாக்சன் பொலொக் வீட்டுக்குப் பூசும் இனாமலைத் தீட்டினார் என்று படித்துத்தான் நானும் ரின் இனாமல் வாங்கினேன். அது உண்மை. அந்த இனாமலின் ஒழுக்கு இல்லாமல் 1950 ஆம் ஆண்டின் ‘இலையுதிர்கால லயம்’ இல்லை. ஆனால் இனாமல் காயக் காய இறுகும். தடிப்பாகப் பூசி, ஒரு கிழமையில் குழாயில் சுற்றி லொறியில் ஏற்றினால் வெடிக்கத்தான் செய்யும். தூரத்துக்கு அனுப்பவேண்டிய, சுருட்டவேண்டிய ஓவியத்துக்கு ஓவியர்களுக்கான அக்ரிலிக்கே பாதுகாப்பு. அது காய்ந்த பிறகும் வளையும்.

இரண்டையும் கலக்க விரும்பினால் ஒழுங்கு இதுதான்: அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும், எண்ணெயின் மேல் அக்ரிலிக் நிற்காது, உரியும்.

குழாயின் பின்பக்கத்தை வாசியுங்கள். ஏஎஸ்டிஎம் ஒளிதாங்கு தரம் (வெளிச்சத்தில் நிறம் எவ்வளவு மங்காமல் நிற்கும் என்ற அளவு) I அல்லது II என்று இருக்கவேண்டும். அதே கூட்டத்து மார்க் ரொத்கோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காகச் செய்த, 1964 இல் மாட்டப்பட்ட சுவரோவியங்களில் லித்தோல் சிவப்பு இருந்தது. சூரிய வெளிச்சம் விழும் அறை. கடுஞ்சிவப்பு மங்கி வெளுத்து, 1979 இல் அவற்றைக் கழற்றி வைக்கவேண்டி வந்தது. எங்கள் வெயிலுக்கு இன்னும் கவனம் வேண்டும். சந்தேகமான நிறத்தைத் தாளில் பூசி, பாதியை மட்டையால் மூடி யன்னலில் ஒட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மூடிய பாதியும் மூடாத பாதியும் உண்மையைச் சொல்லும்.

நிறம் கூட வாங்காதீர்கள். கறுப்பும் வெள்ளையும் பெரிதாக, வேறு இரண்டோ மூன்றோ சிறிதாக. மிச்சக் காசில் அக்ரிலிக் மீடியம் (வண்ணத்தை மெலிதாக்கும் நிறமில்லாப் பசை) வாங்குங்கள். வெறும் தண்ணீரால் மெலிதாக்கிக்கொண்டே போனால் வண்ணத்தைப் பிடிக்கும் பசை குறைந்து, அடிப்பூச்சின்மேல் தூள்போலக் கிடக்கும், கையோடு வரும்.

2024 இல் எனக்கு வந்த கணக்கு இது. துணி 4,500 ரூபாய், சட்டம் 7,500, ஜெஸ்ஸோ 4,200, வண்ணங்கள் 11,800, மீடியம் 3,000, நாடா, குழாய், தாள் எல்லாம் 3,300, படப்பிரதியும் நகல்களும் 1,200, லொறியும் இரண்டு பக்க முச்சக்கரவண்டியும் 5,500. மொத்தம் 41,000. விலைகள் மாறும், ஆனால் பங்கு பெரிதாக மாறாது. வண்ணம் கால்வாசிதான், மற்றதெல்லாம் அதைத் தாங்குவதற்கு. முதல் ஓவியத்தில் நான் இதைத் தலைகீழாகச் செலவழித்தேன். பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள், விலை வைக்கும்போது தேவைப்படும்.

6. தீட்டும் காலை

விடியற்காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. அதற்குப் பிறகு வெயில் ஏறினால் கலந்த வண்ணம் வாளியிலேயே தோல் கட்டும். விறாந்தைச் சீமெந்து நிலத்தில் தறப்பாள் விரித்து, அதன்மேல் துணி. கோழியையும் நாயையும் முதலே கட்டுங்கள். நடுப்பகுதிக்கு எட்ட, இரண்டு பக்கமும் கல் வைத்து ஒரு பலகையைப் பாலமாகப் போடுங்கள்.

வண்ணத்தின் பதம்தான் எல்லாம். நான் இரண்டு பதம் வைத்திருக்கிறேன். மோர்ப் பதம், துணியில் படர்வதற்கு. ஒடியற்கூழ்ப் பதம், இழுப்பதற்கு. குச்சியைத் தோய்த்துத் தூக்கினால் மோர்ப் பதம் சொட்டும், கூழ்ப் பதம் நூலாக இறங்கி மெல்ல மடியும். கட்டி இருந்தால் பன்னாடையில் வடியுங்கள், கள்ளு வடிப்பதுபோல. கட்டியோடு இழுத்தால் தீற்றலின் நடுவில் வெள்ளைக் கீறல் விழும்.

பொலொக் துளிகளைச் சிந்தியதாக நினைப்பது பொதுவான பிழை. அவர் கோலிலிருந்து அறாத நூலாக வண்ணத்தை இறக்கினார். உயரத்திலிருந்து, வேகமாகக் கை போனால் நூல் மெலியும். கை நின்றால் அந்த இடத்தில் வண்ணம் சுருள் சுருளாகக் குவியும். எங்கே தயங்கினீர்கள் என்பது காய்ந்த பிறகும் அப்படியே கிடக்கும். ஓவியத் துணியைத் தொடுமுன் பழைய சீலையில் ஒரு மணித்தியாலம் இதைப் பழகுங்கள்.

என் தீற்றலைச் சொல்கிறேன். புதுத் தும்புத்தடியைத் தண்ணீரில் ஊறவைத்து, உதறி, கூழ்ப்பதக் கறுப்பில் முக்கினேன். மேல் இடது மூலையில் ஊன்றி, இரண்டு கையாலும், தோளிலிருந்து இழுத்தேன். மணிக்கட்டால் இழுத்தால் வளைவு வரும், தோளால் இழுத்தால் பாரம் வரும். முதல் மூன்று அடி தும்பு முழுவதும் அழுந்தி, கறுப்பு இரண்டு ஓரத்திலும் வரம்புபோல எழும்பியது. நடுவுக்கு வந்ததும் பாரம் விட்டுத் தடியைத் தூக்கத் தொடங்கினேன். அங்கே தும்புகள் பிரிந்தன. இடையிடையே ஜெஸ்ஸோ வெள்ளை தெரிந்தது. கீழ் வலது மூலையை எட்டுமுன் நாலைந்து கோடுகள் மட்டும் மிஞ்சி, அவையும் ஒவ்வொன்றாக முடிந்தன. எல்லாம் ஐந்து ஆறு விநாடி. அதற்கு முன்னே மூன்று கிழமை.

அடுத்த காலையில் வெள்ளை. கிளைனின் ஓவியங்களில் வெள்ளை வெறும் பின்னணி இல்லை, அவர் கறுப்பின்மேல் ஏறி வெள்ளையைத் தீட்டி, கறுப்பைத் தள்ளிக் குறுக்கினார். நானும் தீற்றலின் கீழ் ஓரத்தை வெள்ளையால் வெட்டினேன். அது இல்லாவிட்டால் கறுப்பு மிதந்துகொண்டிருந்தது, வெட்டிய பிறகு இறங்கியது.

நேர்க்கோட்டுக்கு மறைப்பு நாடா ஒட்டுகிறவர்கள், நாடாவின் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே ஒரு தடவை பூசுங்கள். நாடாவுக்கு அடியில் கசிவதானால் அடிநிறமே கசிந்து அடைத்துக்கொள்ளும், மேல் நிறத்தின் ஓரம் கத்திபோல வரும்.

இரண்டு எச்சரிக்கை. எண்ணெய் வண்ணம் பாவிப்பவர்கள் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள். மற்றது, தூரிகை கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். எங்கள் நிலம் சுண்ணக்கல், மேலே ஊற்றியது கீழே குடிதண்ணீருக்குத்தான் போகும். வாளியில் இரண்டு நாள் அடையவிட்டு, அடியில் நின்ற வண்டலைப் பத்திரிகைத் தாளில் காயவைத்துக் குப்பையோடு கொடுங்கள். தெளிந்த தண்ணீரையும் கிணற்றுக்குத் தூரமாக ஊற்றுங்கள்.

7. நிறுத்துவது

துணியைச் சட்டத்தில் ஏற்றி, நிமிர்த்தி, நாலு மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். தலைகீழாகவும் பாருங்கள். கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம். ஏதாவது குறைகிறது என்று தோன்றினால் ஒரு இரவு விட்டுக் காலையில் பாருங்கள். காலையிலும் அதே இடம் உறுத்தினால் மட்டும் கைவையுங்கள்.

காயவைப்பது நிழலில், காற்றோட்டத்தில். வெயிலில் வைத்தால் தடித்த இடத்தில் மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கும்.

8. பத்திரங்கள்

அரூப ஓவியத்துக்குப் பத்திரம் இன்னும் கவனமாக வேண்டும், ஏனென்றால் படத்தைப் பார்த்து எது மேல் எது கீழ் என்று யாருக்கும் தெரியாது. சட்டத்தின் பின்பக்கம் மேல்நோக்கி அம்புக்குறி போடுங்கள். பெயர், தலைப்பு, ஆண்டு, பொருட்கள், அளவு எல்லாம் அங்கே பென்சிலால் எழுதுங்கள். துணியின் பின்னால் மார்க்கர் பேனையால் எழுதினால் முன்னுக்கு ஊறி வரும்.

அளவு எப்போதும் உயரம் முதலில், அகலம் பிறகு, சென்ரிமீற்றரில். முதல் முறை நான் ‘6 x 4½ அடி’ என்று அகலத்தை முதலில் எழுதினேன். அவர்கள் ஒடுங்கிய உயரமான சுவரை ஒதுக்கியிருந்தார்கள்.

பொருட்கள் என்ற இடத்தில் ‘கலப்பு ஊடகம்’ என்று மட்டும் எழுதித் தப்பாதீர்கள். ‘பருத்திக் கன்வசில் அக்ரிலிக்’ என்று தெளிவாக எழுதுங்கள். பத்து வருடம் கழித்து அதைத் திருத்தவேண்டியவர் உங்கள் சொல்லை நம்பித்தான் மருந்து போடுவார்.

தயாராக வைத்திருக்கவேண்டியவை: தேசிய அடையாள அட்டை நகல், ஒரு பக்கத்துக்கு மேற்படாத உங்கள் விபரம், ஓவியத்தின் படம், ஓவியர் கூற்று. கூற்றைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்திலும் முடிந்தால் சிங்களத்திலும் நம்பிக்கையானவரைக் கொண்டு மாற்றுங்கள். 150 சொல் போதும். ‘இது இழப்பின் குறியீடு’ என்று எழுதவேண்டாம். என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நான் எழுதிய முதல் வரி: ‘ஊறவைத்த தும்புத்தடியால், துலா இறைக்கும் தோள் அசைவில், ஒரே இழுவையாகத் தீற்றியது.’ காட்சியில் நின்று வாசித்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே கேட்டார்கள்.

படம் எடுக்க முகில் மூடிய நாள் அல்லது காலை நிழல். ஃபிளாஷ் வேண்டாம், கமரா ஓவியத்தின் நடுவுக்கு நேராக. ஒரு படம் முழுதாக, ஒன்று மேற்பரப்பு தெரியக் கிட்டத்தில், ஒன்று பின்பக்கம். அனுப்பிய நாளில் ஓவியம் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இவையே சாட்சி.

காட்சிப்படுத்துபவரோடு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். கொமிஷன் எத்தனை வீதம், காசு எத்தனை நாளில் வரும், போகிற செலவும் வருகிற செலவும் யாருடையது, பழுதானால் யார் பொறுப்பு, காப்புறுதி உண்டா, விற்காவிட்டால் எந்தத் திகதிக்குள் எடுக்கவேண்டும். என் முதல் ஓவியம் வெடித்தபோது யாரிடமும் எதுவும் கேட்க முடியவில்லை, ஒரு வரிகூட எழுத்தில் இருக்கவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை பதிவு செய்யாமலே உங்களுடையது, உங்கள் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும். ஓவியத்தை விற்றாலும் அந்த உரிமை தானாகப் போகாது. ‘எல்லா உரிமைகளும்’ என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் கிடந்தால் கையொப்பமிடுமுன் கேளுங்கள்.

முதல் தடவை எங்கே விண்ணப்பிப்பது என்றால், கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் வருடந்தோறும் நடக்கும் கலா பொல திறந்தவெளிச் சந்தை தொடங்குபவர்களுக்கு நல்லது. வழக்கமாக வருடத் தொடக்கத்தில் வரும், விண்ணப்பம் அதற்கு முன்பே கேட்பார்கள். அப்படியென்றால் ஓவியத்தை முந்தின சித்திரைக்குள் முடித்திருக்கவேண்டும். லயனல் வென்ட் அரங்கக் காட்சிக்கூடம் போன்ற இடங்களுக்கு வாடகையும் முன்பதிவும் உண்டு, தனி ஆளாக எடுப்பதைவிட நாலு பேர் சேர்ந்தால் தாங்கும்.

9. சுருட்டுவதும் அனுப்புவதும்

ஊசிகளைக் கழற்றி, துணியை 6 அங்குல பிவிசி குழாயில் சுற்றுங்கள். தண்ணீர்க்குழாய் விற்கும் கடையில் துணியின் அகலத்தைவிடச் சற்று நீளமாக அறுத்துத் தருவார்கள். அதைவிட ஒடுங்கிய குழாய் வேண்டாம். தீட்டிய பக்கம் வெளியே வரவேண்டும். எல்லோரும் பாதுகாப்பு என்று நினைத்து உள்ளே வைப்பார்கள். உள்ளே வைத்தால் வண்ணம் நெரிபடும், வெளியே வைத்தால் சற்று விரியும். நெரிந்த மடிப்புப் போகாது.

வண்ணத்தின்மேல் நேரடியாகக் குமிழிப் பிளாஸ்ரிக்கைச் சுற்றாதீர்கள். அக்ரிலிக் சூட்டில் இளகும். மத்தியானம் லொறிக்குள் கிடந்தால் குமிழியின் வட்டங்கள் ஓவியத்தில் பதியும், சிலவேளை ஒட்டியே போகும். முதலில் ஒட்டாத சிலிக்கன் தாள் (கேக் அடிக்கும் தட்டில் போடுவார்களே, அதன் அகலச் சுருள்), பிறகு சுத்தமான பருத்திச் சீலை, அதன்மேல் பிளாஸ்ரிக். இரண்டு முனையிலும் மட்டை வைத்து ஒட்டுங்கள். சட்டத்தின் பலகைகளைத் தனிக் கட்டாகக் கட்டி, எந்த மூலை எதோடு பூட்டும் என்று இலக்கம் போடுங்கள். ஸ்குரூ ஆணிகளைச் சிறு பையில் போட்டுப் பலகையிலேயே கட்டுங்கள்.

இரவு லொறியில் ஏற்றினால் காலையில் கொழும்பில் இறங்கும். பற்றுச்சீட்டில் ‘ஓவியம், நிமிர்த்தி வைக்கவும்’ என்று எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் அன்றே பஸ்ஸிலோ றெயினிலோ போங்கள். விரிப்பது உங்கள் கையால் நடக்கட்டும்.

வந்து சேர்ந்ததும் அவசரப்பட்டு விரிக்காதீர்கள். குளிரூட்டிய அறையென்றால் ஒரு இரவு அப்படியே கிடக்கட்டும். பிறகு தரையில் சீலை விரித்து, தீட்டிய பக்கம் மேலே வர, மெல்ல உருட்டி விடுங்கள். நான் விரித்தபோது கறுப்பின் வரம்பு எழும்பி நின்ற இடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஓரிடத்திலும் கீறல் இல்லை. மூலைவிட்டம் 225 வரும்வரை சட்டத்தைத் தட்டிச் சரிப்படுத்தி, நடுவிலிருந்து ஊசி அடிக்கத் தொடங்கினோம்.